பழைய மாளிகைக்குப் புதிய சிற்பம்

கேள்வி: லண்டனில் சிற்பக்கலை முதுகலை படிக்கிறேன். ட்விக்கன்ஹாமில் உள்ள ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையின் கோதிக் பாணியை, அதாவது இடைக்கால ஐரோப்பியப் பேராலயங்களின் கூர்வளைவுக் கட்டடப் பாணியை, முன்வைத்து ஒரு படைப்பைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அங்குள்ள அழகான விதானம் கல் அல்ல, காகிதக்கூழ் என்று தெரிந்ததும் ஆர்வம் வடிந்துவிட்டது. போலியான ஒன்றுக்கு என்ன பதில் செய்வது?
– வாசகி, லண்டன்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் காகிதக்கூழிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். 1740களின் இறுதியில் தம் கைக்கு வந்த சிறு வீட்டை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் கோட்டை போன்ற மாளிகையாக வளர்த்த ஹொரேஸ் வால்போலும், உங்களைப் போலவே கோதிக் காலத்துக்கு வெகு பின்னால் பிறந்து, அதை வெளியிலிருந்து பார்த்தவர்தான்.

நூலகத்தில் சற்று அதிக நேரம் நில்லுங்கள். 1666ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த பழைய செயின்ட் பால் பேராலயத்தின் வாயில் ஒன்றை, அச்சில் வந்த படத்தைப் பார்த்து, புத்தக அலமாரிகளின் முகப்பாக மரத்தில் செய்திருக்கிறார்கள். அந்தக் கூர்வளைவுகள் கதவுபோலத் திறக்கவும் செய்யும். கணப்பின் முகப்பு, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள ஓர் இளவரசரின் கல்லறையை ஒட்டி அமைந்தது. கல்லறையைக் குளிர்காயும் இடமாக்கிய துணிச்சலைப் போலி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய கலைஞர்களும் இவ்வழியில்தான் போகிறார்கள். பெல்ஜியத்தின் விம் டெல்வோய், பேராலய வேலைப்பாடுகளை எஃகுத் தகட்டில் லேசரால் வெட்டி, கான்கிரீட் கலவை லாரியின் உருவத்தைச் செய்தார். வடிவத்தை வைத்துக்கொண்டு பயனை மாற்றினார். ஜெர்மனியின் ஜெர்ஹார்ட் ரிக்டரோ 2007இல், அந்நாட்டின் கொலோன் பேராலயச் சாளரத்தில் புனிதர் உருவங்களை விட்டுவிட்டு, 72 நிறங்களில் கண்ணாடிச் சதுரங்களை மட்டும் பதித்து, ஒளியை வைத்துக்கொண்டார்.

ஆகவே கோதிக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் மண்டையோடு, வௌவால், கறுப்புத் துணி ஆகியவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மாளிகையில் ஏதேனும் ஓர் அலங்காரத்தைத் தேர்ந்து, அது முதலில் எதுவாக இருந்தது, வால்போல் அதை எதுவாக மாற்றினார், உங்கள் கையில் மூன்றாவதாக அது எதுவாகும் என்று தொடர்ந்து வரைந்து பாருங்கள். இருண்ட சாம்பல் நிற மாடிப்படியிலிருந்து சிவப்பும் பொன்னும் மின்னும் நீண்ட கூடத்துக்குள் நுழையும்போது கண் கூசும்படி வால்போல் திட்டமிட்டிருக்கிறார். உங்கள் சிற்பம் அந்த இருளில் நிற்குமா, வெளிச்சத்தில் நிற்குமா என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்பப் பொருளைத் தேர்ந்தெடுங்கள். பழைய சுவர்களில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால், தானாக நிற்கும் அமைப்பாகத் திட்டமிட்டு, எடை, விளக்கு குறித்து மாளிகை நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.