ஆங்கிலம் கேளுங்கள்: ஃபேமஸ் டு-வா, ஃபேமஸ் ஃபாரா?

கானாடுகாத்தான் வாசகர்: பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியாக இருக்கிறேன். ஆங்கிலத்தில் பேசிவிடுவேன். ஆனால் அட்ஜெக்டிவுக்கு (பெயரடைக்கு) பின்னால் டு, ஃபார், ஆஃப், வித் என்று எதைப் போடுவதென்று தெரியாமல் திணறுகிறேன். "ஆத்தங்குடி ஈஸ் ஃபேமஸ் டு டைல்ஸ்" என்றேன். வந்திருந்த ஒரு பாட்டி "ஃபார்" என்று திருத்தினார். இதற்கு விதி உண்டா டீச்சர்?

பதில்: எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விதி கிடையாது தம்பி. ஆனால் தப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். "டைல்ஸுக்குப் பேர் போன ஊர்" என்று மனசுக்குள் தமிழ் ஓடுகிறது. அந்த 'கு' உருபுதான் வாயில் 'டு'வாக வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் பின்னால் வருவதை அந்தந்த அட்ஜெக்டிவ்தான் தீர்மானிக்கும். அதனால் ஃபேமஸ் என்று தனியாகப் படிக்காதீர்கள். 'ஃபேமஸ் ஃபார்' என்று ஒரே சொல்லாகப் படியுங்கள். மொழி கற்பவர்களுக்கான அகராதிகளில் இந்த ஜோடி அட்ஜெக்டிவோடு சேர்த்தே போட்டிருக்கும்.

இதே கதைதான் 'ஆங்க்ரி ஆன் மீ'யும். "என் மேல் கோபம்" என்பதில் உள்ள 'மேல்' அப்படியே 'ஆன்' ஆகிவிடுகிறது. ஆள் என்றால் வித், விஷயம் என்றால் அபவுட்: "ஷி ஈஸ் ஆங்க்ரி வித் த டிரைவர் அபவுட் த டிலே." 'மேரீட் வித்'தும் அடிக்கடி காதில் விழுகிறது. கட்டிக்கொண்டவரைச் சொல்ல 'மேரீட் டு'. 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்றால் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உங்கள் தொழிலுக்கு மிகவும் வேண்டியது டயர்ட். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் பார்த்து மாடிக்கும் ஏறி இறங்கிய பிறகு ஒருவர் "ஐ ஆம் டயர்ட் ஃப்ரம் வாக்கிங்" என்றால் உடம்பு அசந்திருக்கிறது. திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். "டயர்ட் ஆஃப் வாக்கிங்" என்றால் நடந்து நடந்து அலுத்துவிட்டது. அவரை உடனே அடுத்த வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். இரண்டிலும் வாக் இல்லை, வாக்கிங் என்பதைக் கவனியுங்கள். ஆஃப், ஃப்ரம் போன்ற ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' சேர வேண்டும். இந்த ஒன்று மட்டும் விதியாகவே நம்பலாம்.

ஃபமிலியரும் அப்படித்தான், பின்னால் வருவதைப் பொறுத்துப் பக்கம் மாறும். உங்களுக்கு அந்த வீடு அத்துபடி: "ஐ ஆம் ஃபமிலியர் வித் திஸ் ஹவுஸ்." வீட்டை முன்னால் வைத்துச் சொன்னால் "திஸ் ஹவுஸ் ஈஸ் ஃபமிலியர் டு மீ."

சுப்பீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர் நான்கும் லத்தீனிலிருந்து வந்தவை. இவற்றுக்குப் பின்னால் 'தான்' (than) வராது, 'டு' மட்டுமே. நம் ஆட்கள் பலர் 'சீனியர் தான் மீ' என்றுதான் சொல்கிறார்கள். பர்மா தேக்குத் தூணைக் காட்டும்போது நீங்கள் 'சுப்பீரியர் டு அதர் வுட்ஸ்' என்று சொல்லிப் பழகுங்கள். டிஃபரன்ட்டுக்கு ஃப்ரம் போட்டால் எங்கேயும் செல்லும். பிரிட்டிஷ்காரர் 'டு' என்பார், அமெரிக்கர் 'தான்' (than) என்பார். அவர்களைத் திருத்தப் போக வேண்டாம்.

காரைக்குடி வாசகி: பேரன் கணக்கில் கெட்டி. 'குட் இன் மேத்ஸ்' என்றால், சிங்கப்பூரில் இருக்கும் மருமகள் 'குட் அட்' என்கிறாள். யார் சரி?

பதில்: மருமகள் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி. திறமைக்கு அட். "கணக்கில்" என்பதில் இருக்கும் 'இல்'தான் உங்களை 'இன்' பக்கம் இழுத்திருக்கிறது. ஆனால் அதே 'இல்' ஆர்வத்துக்குக் கைகொடுக்கும்: பாட்டில் ஆர்வம் என்றால் 'இன்டரஸ்டட் இன் மியூசிக்', அப்படியே சொல்லலாம்.