இரண்டாவது காது

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். பெரியவளானால் வலி தெரியும், இப்போதே காது குத்திவிட வேண்டும் என்று மாமியார் நச்சரிக்கிறார். கணவரும் அவர் பக்கம். அவளைக் கேட்காமல் அவள் உடம்பில் ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுமில்லாததைப் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை. அதற்காக மாமியாரைக் கொடுமைக்காரியாக்கிவிடாதீர்கள். 'கேட்காமல்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் தோற்றும் போவீர்கள்; தடுப்பூசியையும் கேட்காமல்தான் போடுகிறோம். தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் குழந்தைக்கு. தோட்டைத் தள்ளிப்போட்டால் நஷ்டம், பார்த்து ரசிக்கக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு.

குழந்தைக்கு வலி தெரியும். பிறகு நினைவிருக்காது, அவ்வளவுதான். பச்சிளங்குழந்தைகளுக்கு வலி உறைக்காது என்று நம்பி, போதிய மயக்க மருந்து கொடுக்காமலே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள் 1980கள் வரை இருந்தார்கள்.

என் மகளுக்கு ஒரு வயதில் குத்தினோம். மடலில் பேனாவால் புள்ளி வைத்தபோது கூச்சத்தில் சிரித்தாள். ஒரு காது முடிந்தது. ஊசி மறுபக்கம் வந்ததும், புள்ளி வைத்த காதைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தக் கையை விலக்கிப் பிடித்தவள் நான்தான். முதல் காதுக்கு அவளைக் கேட்கவில்லை, சரி. இரண்டாவது காதுக்கு அவள் பதிலே சொல்லிவிட்டாளே! பேச்சு வராத குழந்தைக்குக் கருத்து ஏது என்று இப்போதெல்லாம் யாரிடமும் நான் சொல்வதில்லை.

ஆகவே என் ஓட்டு உங்களுக்கு: அவளே கேட்கும்வரை பொறுங்கள். துளையைத் தானே பராமரிக்கும் வயது வரட்டும் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் யோசனையும். ஆனால், கவனமாகக் குத்தினால் எந்த வயதிலும் ஆபத்து குறைவு என்றும் அது சொல்கிறது. இதை மாமியாரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்றும் அவருக்குச் சாதகம். குடும்பத்தில் தழும்பு புடைத்து வளரும் கீலாய்டு வாகு இருந்தால், 11 வயதுக்குப் பிறகு குத்துவதில் அந்த ஆபத்து கூடுகிறது. தோல் மருத்துவரைக் கேளுங்கள். அப்படியே இருந்தாலும் மகளைக் கேட்க நடுவில் சில ஆண்டுகள் கிடைக்கின்றன.

மாமியாரிடம் 'வேண்டாம்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'அவள் கேட்கிற அன்று நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள்.

அதுவும் எடுபடாவிட்டால், டெட்டனஸ் தடுப்பூசித் தவணைகள் முடிந்திருக்கட்டும். மருத்துவரிடம் போங்கள், புதிய ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். நிக்கல் கலக்காத, திருகாணி வைத்த சின்னத் தோடு. ஆறு வாரம் கழற்றாதீர்கள். சட்டையைத் தலைவழியாக உருவும்போது காதில் கண் இருக்கட்டும். இரண்டாவது காதை அவள் பொத்திக்கொண்டால், அன்றைக்கு ஒற்றைத் தோட்டோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். யாராவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.