மேப்பிள் பண்ணையில் எதை வாங்குவது?

கேள்வி: மார்ச் கடைசியில் பிள்ளைகளோடு ஒரு மேப்பிள் சிரப் பண்ணையின் திறந்த நாளுக்குப் போகிறோம். கடையைவிட அங்கே விலை கூடுதல் என்கிறார்கள். அங்கே வாங்கலாமா? எந்த நிறம் நல்லது? நாங்கள் சைவம்.
– வாசகி, ஸ்காபரோ

பதில்: மலிவு வேண்டுமென்றால் பெரிய மொத்த விற்பனைக் கடைக்கே போங்கள். அங்கே கிடைப்பதும் அசல்தான். கனடாவில் மேப்பிள் மரச்சாற்றிலிருந்து எடுத்ததை மட்டுமே ‘மேப்பிள் சிரப்’ என்று விற்கச் சட்டம் இடம் தருகிறது. ‘டேபிள் சிரப்’, ‘பான்கேக் சிரப்’ என்பவை பெரும்பாலும் சோளப்பாகு. போத்தலில் இலைப் படம் இருந்தாலும் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

பண்ணையில் கிடைக்கிற லாபம் வேறு: ருசி பார்த்து வாங்கலாம். ஏ தரத்தில் கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நான்கு வகை. பருவத் தொடக்கத்துச் சாறு வெளிறிய பாகைத் தரும். நாள் ஏற ஏற நிறமும் மணமும் கூடும். வெளிறியதுதான் உயர்ந்தது என்று எண்ணிப் பலர் கோல்டனுக்கே கை நீட்டுகிறார்கள். நான்கிலும் சர்க்கரை குறைந்தது 66 சதவீதம். வேறுபடுவது நிறமும் மணமும் ருசியும் மட்டுமே. பிள்ளைகளின் பான்கேக்குக்கு ஆம்பர் போதும். காப்பிக்கும் சமையலுக்கும் டார்க். ஒன்றுதான் வாங்குவேன் என்றால் டார்க்கை எடுங்கள்.

ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வற்றித்தான் ஒரு லிட்டர் பாகு ஆகிறது; பதநீர் காய்ச்சியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். ஆகவே பாகின் விலையை நான் குறை சொல்ல மாட்டேன். இலை வடிவக் கண்ணாடிக் குப்பியின் விலையைச் சொல்வேன். 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் குப்பிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்பது புரியும்.

சைவம் என்றதால் இன்னொன்று. காய்ச்சும்போது பொங்கும் நுரையை அடக்க ஒரு துளி கொழுப்பு விடுவார்கள். அந்தக் காலத்தில் தொட்டிக்கு மேலே பன்றிக்கொழுப்பைத் தொங்கவிட்டவர்களும் உண்டு; இன்று எண்ணெய், வெண்ணெய் போன்றவை. எதை விடுகிறீர்கள் என்று காய்ச்சுபவரிடமே கேளுங்கள். பண்ணையில் தரும் பான்கேக் சாப்பாட்டிலும் கவனம்: அதே தட்டில் பன்றி சாசேஜ் வரலாம், ஒரே கல்லில் சுட்டும் இருக்கலாம். நுழைவு டிக்கெட்டில் சாப்பாடு அடங்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரவில் உறைந்து பகலில் இளகினால்தான் சாறு வடியும். புறப்படும் காலையில் இன்று காய்ச்சுகிறார்களா என்று தொலைபேசியில் விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ்; காடு முழுக்கச் சேறாக இருக்கும்.

கேள்வி: ஊருக்குக் கொண்டுபோக எது நல்லது?
– அதே வாசகி

பதில்: தகர டின். உடையாது, திறக்காதவரை நெடுநாள் இருக்கும். பிளாஸ்டிக் குடுவையில் நாளடைவில் நிறம் கறுக்கும். விமானத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டதைக் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டிக்குள் வையுங்கள். திறந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், வெளியே இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.