குதிரைதானே நடக்கிறது, நமக்கென்ன பயிற்சி? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு 46 வயது, நாள் முழுக்க நாற்காலி வேலை. மகளைக் குதிரையேற்ற வகுப்புக்குக் கூட்டிப்போனால் "நீங்களும் ஏறுங்க சார்" என்கிறார்கள். நடப்பது குதிரைதானே, மேலே உட்காருபவருக்கு என்ன உடற்பயிற்சி?
– வாசகர், கோவை

பதில்: இதே சந்தேகத்தோடுதான் நானும் 44 வயதில் ஏறினேன். மறுநாள் காலை வீட்டு மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கியபோது பதில் தெரிந்துவிட்டது. உள்தொடை இரண்டும் அப்படிப் பிடித்துக்கொண்டன.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும் மட்டுமா அசைகிறது? முன்னும் பின்னும் போகிறது, இடமும் வலமும் சாய்கிறது, ஒவ்வொரு எட்டுக்கும் லேசாகத் திருகவும் செய்கிறது. அந்த அசைவு முழுக்க உங்கள் இடுப்புக்கு வந்துவிடும், சரியாமல் உட்கார அடிவயிறும் முதுகுத்தண்டை ஒட்டிய தசைகளும் விடாமல் வேலை செய்தாக வேண்டும், வளைந்து உட்கார்ந்தே பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய லாபம். அப்புறம் 'டிராட்' என்கிற குறுவோட்டம் வரும். ஒரு முன்காலும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்காலும் சேர்ந்து விழும், அந்தத் தாளத்துக்கு நீங்கள் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம்) கால் ஊன்றி எழுந்து எழுந்து உட்கார வேண்டும். பத்து நிமிடம் செய்தால் சட்டை நனைந்துவிடும். ஆனால் நிதான நடையில் அரைமணி உட்கார்ந்துவிட்டுத் தொப்பை கரையும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு இறங்கி நீங்கள்தான் நடக்க வேண்டும்.

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். குதிரை சவாரி சிகிச்சையால் குணமாகும் என்று உறவினர் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: குணமாகாதும்மா. அப்படி யாராவது உறுதி சொன்னால் அந்த இடத்துக்குப் போகவே வேண்டாம். ஆனால் பலன் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 'ஹிப்போதெரபி' என்று இதற்குப் பெயர். பிள்ளை கடிவாளத்தைத் தொடவே தேவையில்லை, ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார், இரண்டு பக்கமும் ஆள் கூடவே வருவார்கள், அசைவை எப்படிப் பயன்படுத்துவது என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார். மேலே சொன்ன இடுப்பு அசைவு, மனிதர்கள் நடக்கும்போது ஏற்படுவதற்கு மிக நெருக்கமானது. தானாக நடக்க முடியாத பிள்ளையின் இடுப்புக்கும் அந்த நடை கிடைக்கிறது. குதிரையின் உடல் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்மைவிடக் கொஞ்சம் அதிகம், அந்தக் கதகதப்பில் விறைத்த தொடைகள் தளரும். நிமிர்ந்து உட்காருவதும் சமநிலையும் மேம்படலாம். வழக்கமான பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முதலில் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் கேளுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு மூட்டு விலகியிருக்க வாய்ப்புண்டு.

டென்மார்க்கின் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்டெல் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 1944-இல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்துவிட்டது. மறுபடி ஏறிப் பழகி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையின் ஒவ்வொரு அடியையும் நுணுக்கமாக நடத்திக்காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளி வென்றார். பெண்கள் ஆண்களோடு அதில் போட்டியிட அனுமதி கிடைத்த முதல் ஒலிம்பிக்கே அதுதான். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும், ஏறிவிட்டால் தொடையும் இடுப்பும் உடல் எடையுமே அவருக்குப் போதும். 1956-இல் இன்னொரு வெள்ளி.

கேள்வி: சவாரி செய்தால் மனப் பதற்றம் குறையுமா? குதிரை நம் பயத்தைக் கண்டுபிடித்துவிடுமாமே?
– வாசகர், சேலம்

பதில்: கண்டுபிடித்துவிடும். வேட்டையாடப்படும் விலங்கு, சின்ன மாற்றத்தைக்கூடக் கவனித்துத்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. நான் பழகிய கிழட்டுப் பழுப்புக் குதிரை, ஆபீஸ் கோபத்தோடு நான் ஏறிய ஒரு நாள் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டது. ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. பயிற்சியாளர் தூரத்திலிருந்து "மூச்ச விடுங்க சார்" என்று கத்திய பிறகுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடையை இறுக்கியிருப்பது தெரிந்தது. நீளமாக மூச்சு விட்டேன், தலையைத் தாழ்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் போனைத் தொட முடியாது, வேறு யோசனைக்கும் இடமில்லை. ஏறுவதற்கு முன் பிரஷ் போட்டுத் தேய்த்து, குளம்பில் அடைந்த மண்ணைக் கிளறி எடுக்கிற கால் மணி நேரம்தான் எனக்குச் சவாரியைவிடப் பிடித்தது. தீவிர மனச்சோர்வு என்றால் மட்டும் டாக்டருக்கு அடுத்துத்தான் குதிரை.

கேள்வி: மெரினாவில் ஒரு ரவுண்டு போனாலும் இதெல்லாம் கிடைக்குமா? என் எடை 90 கிலோ.
– வாசகர், சென்னை

பதில்: போட்டோ கிடைக்கும். எடை விஷயத்தில், சேணத்தோடு சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுக்கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. சேணத்தையும் சேர்த்து அந்தக் கணக்குக்குள் வரும் அளவுக்கு எடையைக் குறைத்துவிட்டு, ஹெல்மெட்டும் சின்னக் குதிகால் வைத்த ஷூவும் வாங்கிக்கொண்டு நல்ல பயிற்சி லாயமாகப் பாருங்கள். செருப்புக் காலோடு போனால் அங்கவடிக்குள் பாதம் நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழும்போது குதிரை இழுத்துக்கொண்டே ஓடும்.