பாலித் தீவில் டிக்கெட் வாங்காமல் பார்க்க உருப்படியாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பாக்கேஜுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, நடுவில் 'ஃப்ரீ டே' என்று ஒரு நாளைக் காலியாக விட்டிருக்கிறார்கள், அன்றைக்கு என்ன செய்வது என்று குழம்புகிறவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏற்கெனவே ஒருவர் "ஓசியில் சுற்றுவதற்கு மெரினா போதாதா" என்று பதில் போட்டிருக்கிறார். கிட்டத்தட்ட இதே வசனத்தை என் மைத்துனர் பாலியில் வைத்தே என்னிடம் சொன்னார். அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். தீவுக்குள் கால் வைப்பதே இலவசம் இல்லை. போய் இறங்கியதும் வாங்கும் விசாவுக்கு 5 லட்சம் ருப்பியா. அது போக, 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் மாகாண அரசு தலைக்கு 1.5 லட்சம் ருப்பியா வசூலிக்கிறது. நம் பணத்தில் சுமார் 800 ரூபாய். தனா லோட், உலுவாட்டு, தீர்த்த எம்புல் மாதிரிப் பிரபலக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. அவற்றைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. பார்க்க வேண்டிய இடங்கள்தான். கோயிலைப் பராமரிக்கிறவர்கள் காசு கேட்பதும் நியாயம். பின்னூட்டத்தில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பாக்கேஜ்காரர்கள் சொல்லும் 'இலவசம்' இருக்கிறதே, அதுதான் ஆபத்து. எங்கள் அட்டவணையில் அப்படி நாலு இடம் போட்டிருந்தார்கள். ஒன்று பாத்திக் துணிக்கடை, ஒன்று செலுக் ஊர் வெள்ளிப் பட்டறை, ஒன்று மாஸ் ஊர் மரச்சிற்பக் கடை, கடைசியாக லுவாக் காபித் தோட்டம். மரநாய் தின்று கழித்த கொட்டையில் போடுகிற காபி அது. கலர் கலராகக் குட்டிக் கிண்ணங்களில் டீயும் காபியும் இலவசமாகத் தருவார்கள், லுவாக் காபிக்கு மட்டும் தனிக் காசு, வெளியே போகிற வழி கடைக்குள்ளேதான். வாங்கினால் கூட்டிவந்தவருக்குக் கமிஷன். அரை நாள் போச்சு.

எங்கள் ஃப்ரீ டே அன்று மைத்துனர் குடும்பம் விடியும் முன்பே கார் எடுத்துக்கொண்டு லெம்புயாங் கோயிலுக்குக் கிளம்பியது. வாசல் கோபுரம் தண்ணீரில் பிரதிபலிப்பது போல எல்லாரும் படம் போடுவார்களே, அந்த இடம். அங்கே தண்ணீரே கிடையாது. போன் கேமராவுக்குக் கீழே சின்னக் கண்ணாடியை வைத்து எடுக்கிறார்கள். அந்த ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் வரிசை. நானும் மனைவியும் வரவில்லை என்றதும், "மாமா, இவ்வளவு தூரம் வந்தும் கணக்குப் பார்த்துக்கிட்டே இருப்பீங்களா?" என்றார். 'கணக்குப் பார்த்துத்தான், மாப்பிள்ளை, வீட்டுக் கடனை அடைத்தேன்' என்று சொல்ல வாய் வரை வந்தது. மனைவியின் தம்பி, விட்டுவிட்டேன்.

நாங்கள் தங்கியிருந்தது சனூர். கிழக்குப் பார்த்த கடற்கரை, அதனால் சூரியன் உதிப்பதை அங்கே பார்க்கலாம். பாறைத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் கரையோரம் குளம் போல இருக்கும். கடலை ஒட்டிக் கிலோமீட்டர் கணக்கில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய ஜுக்குங் படகுகள் வரிசையாக நிற்கும். மேகம் விலகினால் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அகுங் எரிமலை தெரியும். காற்றுக் காலத்தில், முக்கியமாக ஜூலை, ஆகஸ்டில், பக்கத்தில் பாடாங் காலாக் பக்கம் போனால் பட்டம் விடுவார்கள். ஜங்கன் என்கிற பட்டத்துக்கு வாலே நூறு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஒரு கூட்டமே சேர்ந்துதான் தூக்கி ஓட வேண்டும்.

அன்று சாயங்காலம் போன இடம்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது. விடுதி வரவேற்பில் இருந்த பெண், "கலை விழா நடக்கிறதே, போகவில்லையா?" என்று கேட்டார். தீவின் தலைநகர் தென்பசாரில் தாமான் புடாயா என்ற கலை மையத்தில் 1979 முதல் நடந்துவரும் பாலி கலை விழா. ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை நடு வரை ஒரு மாதம் போல நடக்கும். பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் இல்லை. அங்கே அர்த்த சந்திரா என்று பெரிய திறந்தவெளி அரங்கு, கல்படிகளில்தான் உட்கார வேண்டும். அன்று கோங் கெப்யார் என்ற பாலி வாத்திய இசைப் போட்டி. இரண்டு மாவட்டக் குழுக்கள் மேடையில் இரண்டு பக்கமும் வெண்கல வாத்தியங்களோடு உட்கார்ந்துவிடும். ஒரு குழு வாசித்து முடித்ததும் மற்றது பதில் சொல்லும். எல்லாச் சுத்தியலும் ஒரே நொடியில் இறங்கும்போது நெஞ்சுக்குள் அதிர்கிறது. கூட்டம் இருக்கிறதே, ஜல்லிக்கட்டில் சொந்த ஊர் மாடு வெளியே வந்தால் எப்படிக் கத்துவோமோ அப்படி. தாளம் ஓர் இடத்தில் பிசகினதும் எதிர்ப்பக்கத்து ஆட்கள் கூச்சல் போட்டதைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் இருந்த பாட்டி அவித்த வேர்க்கடலையை எங்கள் கையில் கொட்டிவிட்டு, எந்தக் குழுவுக்குக் கைதட்ட வேண்டும் என்று சைகையில் உத்தரவு போட்டார். தட்டினோம்.

இதை எழுதும்போது வேறொன்று ஞாபகம் வந்து எரிச்சலாகிறது. எங்கள் ஊரில் ஒரு இலவசக் கலை விழாவில் என் மகளின் நடனக் குழுவுக்கு இருபது நிமிடம் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் மதியமே அலங்காரம் செய்துகொண்டு வந்து காத்திருந்தார்கள். முன்வரிசைகள் முழுக்க சோபா, பிரமுகர்களுக்காம். பொன்னாடை போர்த்தினார்கள், போர்த்தினார்கள், போர்த்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் "நேரமின்மை காரணமாக" ஒரே ஒரு பாட்டு. அதற்குள் சோபாக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். பாலியிலும் அதிகாரிகள் உண்டு, அவர்களுக்கு நாற்காலியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த அன்று வாத்தியக்காரர்களை யாரும் காக்க வைக்கவில்லை.

சரி, உபுட் ஊர்ப் பக்கம். சம்புஹான் குன்றுப் பாதை என்று ஒன்று. இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் குனுங் லெபா கோயில், அதன் பக்கத்தில் ஏறினால் இருபுறமும் பள்ளத்தாக்கு, நடுவில் புல் மூடிய முதுகு. மார்க்கண்டேய ரிஷி வந்து தங்கிய இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் நிழலே கிடையாது. ஊருக்குள் இருக்கும் உபுட் அரண்மனையின் வெளி முற்றத்தைப் பகலில் சும்மா பார்க்கலாம், இரவு நடனத்துக்குத்தான் டிக்கெட். பக்கத்துக் காஜெங் தெருவில் வடக்கே நடந்தால் வயல்வெளி வந்துவிடும். தெகல்லாலாங் படிக்கட்டு வயல் வரை போய், படம் எடுக்க வைத்திருக்கும் ஊஞ்சலுக்குக் காசு கொடுப்பதைவிட எனக்கு இதுவே பிடித்தது. மாலையில் எந்த ஊர்ப் பொதுமண்டபத்தைத் தாண்டினாலும் ஒத்திகைச் சத்தம் கேட்கலாம். ஓரமாக நின்றால் யாரும் விரட்ட மாட்டார்கள். கோயில் பக்கம் போவதாக இருந்தால் லுங்கி மாதிரிச் சுற்றும் ஒரு சாரோங்கும் அதன் மேல் கட்டும் இடுப்புத் துணியும் பையில் இருக்கட்டும்.

இலவசம் என்றாலும் போக வரக் கார் காசு ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாகத் தேதி. கலுங்கான் பண்டிகை 210 நாளுக்கு ஒருமுறை வரும். அப்போது போனால் தெருவுக்குத் தெரு வளைந்த மூங்கில் தோரணம் நிற்கும். யுகாதியை ஒட்டி வருவது நியேபி என்ற மௌன நாள், பாலிக்காரர்களின் புத்தாண்டு. முந்தைய இரவு ஓகோ-ஓகோ என்ற பிரம்மாண்ட அரக்க பொம்மைகளைத் தோளில் தூக்கி வருவார்கள், அதைப் பார்க்கவும் காசு இல்லை. ஆனால் மறுநாள் விமான நிலையமே 24 மணி நேரம் மூடிவிடும், நீங்களும் விடுதியை விட்டு வெளியே வர முடியாது. டிக்கெட் போடும் முன் இதைப் பாக்கேஜ்காரரிடம் நீங்களாகக் கேளுங்கள். எங்களிடம் அவராக வாய் திறக்கவில்லை.