விற்பதா, வாடகைக்கு விடுவதா? முதலில் அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: செங்கோட்டையில் என் கணவர் 1998-ல் கட்டிய வீட்டில் இருக்கிறேன். அவர் 2020-ல் தவறிவிட்டார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63, பென்ஷன் 34,000 ரூபாய். திருவனந்தபுரத்தில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். வீட்டை விற்றால் 42 லட்சம் வரும், வாடகைக்கு விட்டால் மாதம் 8,000 வரும் என்கிறார்கள். மகனும் மகளும் 'உன் இஷ்டம்மா' என்கிறார்கள். என் தம்பி பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவில் புனலூர், கொட்டாரக்கரைக்குக் காய்கறி அனுப்புகிறான். 'ஒத்திக்கு ஆள் இருக்குக்கா, 7 லட்சம் தருவாங்க, அதை எனக்குக் கொடு, மாசம் 7,000 தர்றேன்' என்கிறான். ஒரு ஏஜெண்ட், குற்றாலம் சீசனுக்கு ஹோம்ஸ்டே ஆக்கலாம் என்கிறார். தம்பிக்காக 2021-ல் 3 லட்சத்துக்கு வைத்த நகைக்கடன் இப்போது 9.4 லட்சமாக இருக்கிறது. வட்டியைத் தவறாமல் கட்டி வருகிறேன். எது நல்லது?

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. வட்டியைத் தவறாமல் கட்டியிருந்தால் 3 லட்சம் 3 லட்சமாகவே இருந்திருக்கும். 9.4 லட்சம் ஆகியிருக்காது.

நடந்தது என்னவென்று ஊகிக்க முடிகிறது. வருடம் முடியும்போது நகையைத் திருப்பி, அன்றைக்கே மறுபடியும் வைக்கிறீர்கள். பவுன் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு வங்கி கூடுதலாகக் கொடுக்கிறது. அந்தக் கூடுதலில் பழைய வட்டியைக் கழித்துக்கொள்கிறார்கள். மிச்சம் ஓணம் வியாபாரத்துக்கென்று தம்பி கைக்குப் போகிறது. உங்கள் பென்ஷனிலிருந்து ஒரு ரூபாய்கூட வட்டிக்குப் போகாததால், கட்டி வருகிற நினைப்பு மட்டும் உங்களிடம் இருக்கிறது. 10 சதவீதம் என்று வைத்துக் குத்துமதிப்பாகப் பார்த்தால், நாலு வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல் வட்டியே கடனாக மாறியிருக்கிறது. மேலும் 4 லட்சத்துக்குக் கிட்ட தம்பிக்குப் போயிருக்கிறது.

உங்களுக்குக் கெடுதல் செய்வது இந்த ஒரு பழக்கம்தான். வீடு இருக்கிறதா, விற்றாயிற்றா என்பதெல்லாம் அப்புறம். தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும்வரை வலி தெரியாது. 2013 ஏப்ரலில் ஒரு சில நாட்களில் விலை சடசடவென்று இறங்கியது. அப்படி ஒரு சமயத்தில் உங்கள் தவணை முடிந்தால், அதே நகைக்கு வங்கி குறைவாகத்தான் தரும், வித்தியாசத்தை ரொக்கமாகக் கட்டச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியும் 2025 ஜூனில் விதியை இறுக்கிவிட்டது. சொந்தச் செலவுக்கு வாங்கி மொத்தமாகத் திருப்பிக் கட்டும் நகைக்கடனுக்குத் தவணை 12 மாதம்தான். சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே புதுப்பிக்க முடியும்.

இப்போது வாடகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 8,000 வீதம் வருடத்துக்குப் பதினோரு மாதம் என்று வைப்போம், ஆள் மாறும்போது ஒரு மாதம் சும்மா கிடக்கும். 88,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று 12,000 போனால் 76,000 நிற்கும். நகைக்கடன் வட்டி வருடம் 94,000. வாடகை முழுவதையும் கொட்டினாலும் வட்டிக்கே போதாது.

ஒத்தி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. 'வட்டியில்லாப் பணம்' என்று ஊரில் எல்லாரும் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டோம். 7 லட்சம் வாங்கிக்கொண்டு, வருடம் 96,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். அது கிட்டத்தட்ட 14 சதவீத வட்டி. உங்கள் நகைக்கடனைவிட விலை கூடிய கடன்! மூன்று வருடம் கழித்து அந்த 7 லட்சத்தை யார் திருப்பித் தருவது? தம்பி தராவிட்டால், ஒத்திக்கு இருப்பவர் காலி செய்யமாட்டார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்தால் வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும், அதைத் தீர்க்காமல் வீட்டை விற்பது கஷ்டம். வேண்டாம்.

ஹோம்ஸ்டேயும் வேண்டாம். குற்றாலம் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். அதிலும் நிஜமான கூட்டம் சனி, ஞாயிறு. சாரல் பொய்த்தால் ஆள் வராது, வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். ஏசி, கட்டில், பாத்ரூம் என்று முதலில் சில லட்சங்கள் செலவழிக்கச் சொல்வார்கள். நீங்கள் திருவனந்தபுரத்தில் இருக்கும்போது வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுவது யார், மெத்தை விரிப்பு மாற்றுவது யார்? சாவி தம்பியிடம்தான் போகும்.

சரி, விற்பதா? கணக்கு மட்டும் பார்த்தால் விற்பதே லாபம். பிள்ளைகள் தங்கள் பங்கை உங்களுக்கே விட்டுக்கொடுத்து, தரகு, வரி எல்லாம் போக 38 லட்சம் நின்றது என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம், அதுதான் உச்சவரம்பு. 2023 ஏப்ரலிலிருந்து இருக்கும் 8.2 சதவீதத்தில் அது மாதம் 20,500 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். வாடகையில் நிற்பதோ மாதம் 6,000 சொச்சம். வரியும் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. 2001-க்கு முன் கட்டிய வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1-ந் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். லாபத்தில், பணவீக்கச் சரிக்கட்டலோடு (அதாவது அடக்க விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக் கணக்கிட்டு) 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

ஆனாலும் இப்போது விற்காதீர்கள் என்றுதான் சொல்வேன். தம்பி கேட்டால் இல்லை என்று சொல்ல உங்களால் இதுவரை முடியவில்லை. அவன் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் சொத்தில் ஒரே காலைப்பொழுதில் எடுத்துக் கொடுத்துவிட முடியாதது இந்த வீடு ஒன்றுதான். அது 38 லட்சம் ரொக்கமாக வங்கிக் கணக்கில் கிடந்தால் அடுத்த ஓணத்துக்கு எவ்வளவு மிஞ்சும்? இதை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மகன் வீட்டில் உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்று ஒரு வருடமாவது இருந்து பார்த்தால்தான் தெரியும். விற்ற வீட்டுக்குத் திரும்பி வர முடியாது.

எனவே இரண்டு வருடம் வாடகைக்கு விடுங்கள், அந்த இரண்டு வருடத்தில் நகைக்கடனை முடியுங்கள். வழி இருக்கிறது. 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு, ஆகவே கடனைவிட நகையின் மதிப்பு கணிசமாகக் கூடவே இருக்கும். வருடக்கணக்காகப் போடாத கனமான உருப்படிகளை விற்று, கடனில் 5 லட்சத்தை அடைத்துவிடுங்கள். மீட்டு விற்பதற்கு ஒரு வாரம் மகனிடம் கைமாற்று வாங்கினால் போதும். நகை எல்லாம் ஒரே சீட்டில் இருந்தால், புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக மீட்க வசதி. மீதி 4.4 லட்சத்துக்கு வாடகை 8,000, பென்ஷனில் 15,000, ஆக மாதம் 23,000 கட்டினால் இரண்டு வருடத்துக்குள் முடியும். நகை விற்கச் சொல்வது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த நகை நாலு வருடமாக வங்கி லாக்கரில் கிடக்கிறது, உங்கள் கழுத்தில் இல்லை.

வாடகை உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும். தம்பி வசூலித்துத் தருவதாகச் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். மாற்றலாகி வரும் ரயில்வே, வங்கி ஊழியர்களாகப் பார்த்தால் நல்லது.

தம்பியிடம் என்ன சொல்வது? அவனுடைய பாக்கி நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். புனலூரிலும் கொட்டாரக்கரையிலும் எந்தக் கடை, எந்த ஹோட்டல் எவ்வளவு தரவேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். காய்கறி வியாபாரத்தில் முதல் பெரும்பாலும் சரக்கில் இருக்காது, கடன் வாங்கியவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கும். பழைய பாக்கி வராமல் புதுச் சரக்குக்கு உங்கள் நகையில் பணம் வாங்குகிறான் என்றால், அவனுக்குத் தேவை கடனல்ல, வசூல். 'இனி நகை வைக்கமாட்டேன். ஓணத்துக்கு 20,000 தருவேன், திருப்பித் தரவேண்டாம். அதற்கு மேல் கேட்காதே' என்று மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். கொடுத்த பழைய பணத்துக்கு மாதம் 3,000 ஆவது அவன் கட்ட ஆரம்பித்தால் நல்லது. உங்கள் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

கிளம்புமுன் ஒரு வேலை. பட்டா இன்னும் கணவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். அவர் உயில் எழுதாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. பின்னால் விற்கும்போது இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு நீங்கள் நடக்க முடிகிற நாளிலேயே இதை முடிப்பது நல்லது.