காதுக்கு அளவெடுத்துட்டு கடைக்குப் போங்க: ஹெட்ஃபோன் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஹெட்ஃபோன் பத்திதான். எல்லாரும் கடைசி வரில ஒரே மாதிரி முடிக்கிறீங்க, "எது பெஸ்ட், பேர மட்டும் சொல்லுங்க போதும்"னு. பேரு சொல்றது ஈஸி, ஆனா நீங்க எங்க உக்காந்து கேக்கப் போறீங்கன்னு தெரியாம சொன்னா அது செருப்பு சைஸ் கேக்காம செருப்பு வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதனால ஒவ்வொண்ணா பாப்போம்.

கேள்வி: மும்பைல டோம்பிவிலில இருந்து சிஎஸ்எம்டிக்கு டெய்லி ஃபாஸ்ட் லோக்கல் ட்ரெயின். போக வர ரெண்டரை மணி நேரம் போகுது. பாட்டு, பாட்காஸ்ட் கேக்கத்தான். பட்ஜெட் 3000 ரூபாய். ஏஎன்சி, அதாவது வெளி இரைச்சல அடக்கற வசதி, இருக்கறது வாங்கணுமா, இல்ல அது சும்மா விளம்பரமா?

விளம்பரம் இல்ல, ஆனா அது எதை அடக்கும் எதை அடக்காதுன்னு தெரிஞ்சு வாங்கணும். வெளிப்பக்கம் ஒரு குட்டி மைக் இருக்கும், அது வெளி இரைச்சலக் கேட்டு அதே அலைய தலைகீழா உருவாக்கி உள்ள விடும், ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு கரைச்சிரும். "ம்ம்ம்"னு ஒரே மாதிரி ஓடிட்டே இருக்கற கனமான சத்தத்துக்கு இது சூப்பரா வேலை செய்யும், ட்ரெயின் மோட்டார், தலைக்கு மேல சுத்தற ஃபேன், ஆபீஸ் ஏசி இந்த மாதிரி. இதோட பிறப்பே அப்படித்தான். 1978ல போஸ் ஆடியோ கம்பெனிய ஆரம்பிச்ச அமர் போஸ் சூரிக்ல இருந்து ப்ளேன்ல திரும்பி வர்றப்ப, குடுத்த ஹெட்ஃபோன்ல இன்ஜின் இரைச்சலத் தாண்டி ஒண்ணும் உருப்படியா கேக்கலன்னு ப்ளேன்லயே உக்காந்து கணக்கு போட ஆரம்பிச்சாரு, பைலட்டுங்களுக்கான ஹெட்செட்டா அது விக்க வந்தது 1989ல, நம்ம மாதிரி ஆளுங்களுக்கான குவயட்கம்ஃபர்ட் ஹெட்ஃபோன் வந்தது 2000ல. இன்னிக்கு 2000, 3000 ரூபாய் பட்ஸ்லயும் அது இருக்கு, அவ்ளோ ஆழமா அடக்காது, ஆனா இருக்கு.

ஆனா உங்க ட்ரெயின் பெட்டில காலைல பஜனை கோஷ்டி ஏறுமே, அந்த ஜால்ரா சத்தம், பக்கத்து சீட்டுக்காரர் போன்ல போடற சண்டை, "புடீல் ஸ்டேஷன்"னு (அடுத்த ஸ்டேஷன்) வர்ற அறிவிப்பு, இதெல்லாம் ஏஎன்சிக்கு பெருசா அடங்காது. திடீர்னு வர்ற சத்தத்தையும் கீச்சு சத்தத்தையும் அடைக்கறது காதுக்குள்ள போற ரப்பர் டிப்தான். பெட்டில மூணு சைஸ் டிப் குடுத்திருப்பான், நம்மாளுங்க பத்துல எட்டு பேரு மாட்டி வந்த நடு சைஸோடயே காலத்த ஓட்டிட்டு "பேஸ் இல்ல, வேஸ்ட்"னு ரிவ்யூ எழுதுவாங்க. ஒரு டெஸ்ட் சொல்றேன். நல்ல மிருதங்கம் இருக்கற ஒரு கச்சேரி போடுங்க, தொப்பிப் பக்கம் விழற "தொம்" வயித்துல வந்து உக்காரணும். வலந்தலை மட்டும் டிக் டிக்னு கேட்டு தொம் காணாமப் போச்சுன்னா காத்து கசியுது, டிப்ப மாத்துங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல, எனக்கே இடது காதுக்கு பெரிய சைஸ், வலதுக்கு நடு சைஸ்.

இன்னொண்ணு, நீங்க கதவு பக்கம் நின்னு வர்ற ஆளா? அப்ப காத்து மைக்குல அடிச்சு ஏஎன்சியே புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரு புது இரைச்சல உண்டாக்கும், அங்க ஆஃப் பண்ணிட்டு வெறும் டிப்ப நம்பறதே மேல். தானே ஸ்டேஷன்ல இறங்கற கூட்டத்துல முழங்கை பட்டு ஒரு பட் கீழ விழுந்தா அதோட அவ்ளோதான், குனியக்கூட இடம் இருக்காது. அதனால உங்களுக்கு என் ஓட்டு கழுத்துல மாட்டற நெக்பேண்டுக்கு, ஏஎன்சி உள்ளதே உங்க பட்ஜெட்டுக்குள்ள கிடைக்கும், பாக்க ஸ்டைலா இல்லன்னு பசங்க சொல்வாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

வால்யூம் விஷயம் ஒண்ணு. வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபல் வரைக்கும் பரவால்லன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதே 90 டெசிபல்னா வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான். உங்க ரெண்டரை மணி நேரக் கணக்குல பாத்தா செவ்வாய்க்கிழமையே கோட்டா முடிஞ்சிரும். வெளி சத்தம் குறைஞ்சா வால்யூம ஏத்தத் தோணாது, ஏஎன்சியோட நிஜமான லாபம் இதுதான்னு நான் நினைக்கிறேன், சவுண்ட் குவாலிட்டி எல்லாம் அப்புறம். தண்டவாளத்த ஒட்டி நடக்கறப்ப மட்டும் தயவுசெஞ்சு ரெண்டையும் கழட்டிருங்க.

கேள்வி: ஐரோலில ஐடி வேலை, வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்து. 12,000 குடுத்து வாங்கின ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல பாட்டு பிரமாதம், ஆனா மீட்டிங் ஆரம்பிச்ச உடனே எல்லாம் பழைய ட்ரங்க் கால் மாதிரி ஆயிடுது. டிஃபெக்ட் பீஸா?

டிஃபெக்ட் இல்ல. பாட்டு கேக்கறப்ப ப்ளூடூத் முழுப் பாதையையும் உங்க காதுக்கே குடுக்குது. மைக் ஆன் ஆன உடனே போக ஒண்ணு வர ஒண்ணுன்னு பிரிக்கணும், அதுக்கு லேப்டாப் போன் கால் மோடுக்கு மாறிடும், சத்தம் மோனோவாகி தரமும் இறங்கிடும். எல்இ ஆடியோன்னு ப்ளூடூத்துல புதுசா வந்திருக்கறதுல இது சரியாகும், ஆனா லேப்டாப், ஹெட்ஃபோன் ரெண்டும் அத சப்போர்ட் பண்ணணும்.

இப்போதைக்கு பைசா செலவு இல்லாத வழி, மீட்டிங் ஆப் செட்டிங்ல ஸ்பீக்கரா ஹெட்ஃபோன வச்சிட்டு மைக்கா லேப்டாப் மைக்க செலக்ட் பண்ணுங்க. பாட்டுத் தரம் அப்படியே திரும்பி வந்திரும். ஆனா லேப்டாப் மைக் பக்கத்து ரூம் குக்கர் விசிலையும் சேத்து அனுப்பும், ஒன் ஆர்கே (ஒரு ரூம், ஒரு கிச்சன்) வீட்டுல பக்கத்து ரூமே கிடையாது, அது வேற கதை. நாள் பூரா கால்லயே இருக்கற ஆளுன்னா வாய் பக்கத்துல மைக் நீட்டிட்டு வர்ற யுஎஸ்பி வயர் ஹெட்செட் ஒண்ணு ஆபீஸ்ல கேட்டு வாங்குங்க. மைக் வாய்க்கு எவ்ளோ கிட்ட இருக்கோ அவ்ளோ நல்லது, காதுல இருக்கற மைக் என்ன விலையா இருந்தாலும் உங்க வாய்ல இருந்து ஒரு சாண் தூரம்.

கேள்வி: பொண்ணுக்கு 10 வயசு, செம்பூர்ல கீபோர்டு க்ளாஸ் போறா, வீட்டுல பிராக்டிஸ் பண்றப்ப பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்தத் தட்டறாங்க. கிட்ஸ் ப்ளூடூத் ஹெட்ஃபோன் வாங்கலாமா?

ப்ளூடூத் வேண்டாம் அக்கா. கட்டைய அமுக்கினதுக்கும் காதுல கேக்கறதுக்கும் நடுவுல கொஞ்சம் லேட் ஆகும், ஒரு செகண்டுல பத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான், படம் பாக்கறப்ப அத ஆப் சரிக்கட்டிரும், வாசிக்கறப்ப யாரு சரிக்கட்டறது? குழந்தை தன்னை அறியாமலே தாளத்த இழுத்து இழுத்து வாசிக்கப் பழகிரும். கீபோர்டுல ப்ளூடூத் இருக்குன்னு பெட்டில போட்டிருந்தாலும் பாருங்க, பல மாடல்ல அது போன்ல இருந்து பாட்ட வாங்கிக்கறதுக்கு மட்டும்தான், ஹெட்ஃபோனுக்கு அனுப்பாது.

வயர் உள்ள, காத முழுசா மூடற க்ளோஸ்டு டைப் வாங்குங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி கீபோர்டுக்குப் பின்னாடி ஓட்டைய ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, சின்னதா 3.5 எம்எம்மா, இல்ல தடியா கால் இஞ்ச் சாக்கெட்டான்னு. தடியா இருந்தா ஒரு கன்வெர்ட்டர் பின் போதும், சில ஹெட்ஃபோன் பெட்டியிலயே வரும். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் மாதிரி ஒண்ணு போதும், வயர் 3 மீட்டர், ஸ்டூல்ல உக்காந்து தாராளமா வாசிக்கலாம். கடைக்காரர் "ஸ்டுடியோ ஐட்டம்"னு பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ காட்டினா அதுல 32, 80, 250 ஓம்னு (மின்தடையோட அளவு) மூணு வகை இருக்கு, ஓம் ஏற ஏற ஓட்டறதுக்கு அதிக வோல்டேஜ் வேணும், 250 ஓம்ம சின்ன கீபோர்டுலயோ போன்லயோ சொருகினா ஊமை மாதிரி பேசும்.

குழந்தைன்னு வர்றப்ப வால்யூம் நாப்ல ஒரு இடத்துல நெயில் பாலிஷ் புள்ளி வச்சு அதைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிருங்க. அதே உலக சுகாதார நிறுவனம் குழந்தைங்களுக்கு 75 டெசிபல்தான் சொல்லுது. எங்க வீட்டுல சிவப்பு புள்ளி வச்சேன், பையன் சுரண்டி எடுத்துட்டு வேற இடத்துல வச்சிட்டான், அதனால என்ன கலர்னு மட்டும் இல்ல எங்க வச்சீங்கன்னும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு, மாட்டுங்கால எங்களோட இருக்காரு. டிவி சத்தம் கட்டடத்துக்கே கேக்குது. அம்மாவுக்கு அவ்ளோ சத்தம் தலைவலி. டிவிக்கு ப்ளூடூத் ஹெட்ஃபோன் கனெக்ட் பண்ணினா ஸ்பீக்கர் கட் ஆகுது, அம்மா சண்டைக்கு வர்றாங்க. என்ன பண்றது?

இந்தக் கேள்விய நாலு பேரு வேற வேற விதமா கேட்டிருக்கீங்க. மொதல்ல டிவி பக்கம் வரேன். நிறைய டிவில ப்ளூடூத் போனா ஸ்பீக்கர் வாயடைச்சிரும், சில கம்பெனி டிவில மட்டும் சவுண்ட் செட்டிங்குக்குள்ள ரெண்டும் ஒண்ணா ஓடற ஆப்ஷன் ஒளிஞ்சிருக்கும், ஒரு தடவ தேடிப் பாருங்க. இல்லன்னா டிவிக்குப் பின்னாடி ஆப்டிகல்னு ஒரு சதுரமான ஓட்டை இருக்கும், பல டிவில அதுல ஸ்பீக்கர் ஓடறப்பவே சத்தம் வெளிய வரும். அதுல சொருகற டிரான்ஸ்மிட்டர் தனியா கிடைக்குது, டிவிக்குன்னே ஸ்டாண்டோட வர்ற வயர்லெஸ் ஹெட்ஃபோன் செட்டும் இருக்கு. எனக்குப் பிடிச்சது அந்த ஸ்டாண்ட் டைப்தான், ஏன்னா பெரியவங்களுக்கு ப்ளூடூத் பேரிங், ரீகனெக்ட் எல்லாம் வேண்டாம், ஸ்டாண்டுல மாட்டினா சார்ஜ் ஆகும், எடுத்துப் போட்டா பாடும். அப்பா வால்யூம் அப்பா தலையில, அம்மா வால்யூம் டிவில. காதுக்குள்ள சொருகற பட்ஸ் வாங்காதீங்க, மூக்குக்கண்ணாடியோட, நடுங்கற விரலோட அந்தப் பொட்டு சைஸ் பட்ட எடுத்து சரியான காதுல சொருகச் சொல்றது பெரியவங்களப் படுத்தறது. கனம் கம்மியா, பட்டன் பெருசா இருக்கறது பாருங்க.

இப்ப நிஜ விஷயம். டிவி மட்டும்தான் கேக்கலயா, இல்ல நீங்க பேசறதுக்கும் "ஆங்?"னு திரும்பக் கேக்கறாரா? சத்தம் கேக்குது ஆனா என்ன வார்த்தைன்னு புரியலங்கறாரா? அப்ப ஹெட்ஃபோன் வாங்கறதுக்கு முன்னாடி காது டெஸ்ட். வயசாகறப்ப மொதல்ல போறது மேல் சுருதி, ச, ஸ, ஃப மாதிரி மெல்லிசான எழுத்தெல்லாம் அங்கதான் இருக்கு, அதனாலதான் வால்யூம ஏத்திக்கிட்டே போறாங்க, ஏத்தினாலும் தெளிவு வர்றதில்ல. நம்ம பாந்த்ரா ரெக்ளமேஷன்லயே அலி யாவர் ஜங் இன்ஸ்டிட்யூட் இருக்கு, காது கேக்கறது பேச்சு சம்பந்தமான மத்திய அரசு நிறுவனம், அங்க டெஸ்ட் பண்ணிக்கலாம். காது மெஷின் போட்டப்புறம் அதுக்கு மேல சாதா ஹெட்ஃபோன மூடினா சில நேரம் கீச்சுனு விசில் அடிக்கும், அதனால டெஸ்ட் முடிஞ்சப்புறம் ஹெட்ஃபோன். ஒருவேளை மெஷினுக்கே டிவியோட நேரா பேசற துணைக் கருவி கிடைச்சிரும், இந்தச் செலவே மிச்சம்.

கேள்வி: லேமிங்டன் ரோட்ல 28,000 ரூபாய் சோனி ஹெட்ஃபோன் "இம்போர்ட் பீஸ்"னு 4,500க்கு வாங்கினேன். 3 வாரத்துல வலது பக்கம் செத்துப் போச்சு. பில் இல்ல. கடைக்காரர் "7 நாள் டெஸ்டிங் வாரண்டி முடிஞ்சிருச்சு பையா"ங்கறாரு.

தம்பி, 28,000 ரூபாய் பொருள் 4,500க்கு வருதுன்னா அது என்னன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். சிரிக்கலப்பா, நானும் இதே மாதிரி ஒரு கடைல ஏமாந்தவன்தான். பெட்டி, உறை, கேஸ் ஜிப் வரைக்கும் அச்சு அசல், போன்ல கனெக்ட் பண்ணினப்ப மாடல் பேருல ஒரு எழுத்து எக்ஸ்ட்ரா இருந்துச்சு, அப்பவும் நான் "அப்டேட் பண்ணா சரியாயிரும்"னு நினைச்சேன் பாரு. கம்பெனியோட சொந்த ஆப்ப இறக்கி கனெக்ட் பண்ணிப் பாக்கணும், டூப்ளிகேட்ட பெரும்பாலும் அது அடையாளம் கண்டுக்காது, எனக்கு அங்கதான் குட்டு உடைஞ்சுது. ஏஎன்சி பட்டன அமுக்கினா லைட் மட்டும் மாறும், சத்தத்துல ஒரு மாத்தமும் இருக்காது.

அந்த ரோட்ல பில் போட்டு ஒழுங்கா விக்கற கடையும் நிறைய இருக்கு, மொத்த ரோடையும் திட்டிட முடியாது. பெட்டில எம்ஆர்பி, இம்போர்ட் பண்ணினவங்க பேரு விலாசம், எந்த நாட்டுத் தயாரிப்பு, மாசம் வருஷம், கஸ்டமர் கேர் நம்பர் இதெல்லாம் இருக்கணும், சட்டமே அப்படித்தான். அந்த ஸ்டிக்கர் இல்லாத "இம்போர்ட் பீஸ்"க்கு இந்தியால வாரண்டி கிடைக்கும்னு நம்பாத.

இப்ப உன் கேஸ். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் குடுக்காம விக்கறதே தப்பான வியாபாரம். பழுதான பொருள பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள திரும்ப வாங்க மறுக்கறதும் அதே கணக்குதான். யுபிஐல பணம் அனுப்பியிருந்தா அந்த ஸ்க்ரீன்ஷாட், கடை போர்டு போட்டோ, வாட்ஸாப்ல பேசியிருந்தா அது, எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கிட்டு 1915க்கு போன் பண்ணு, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அங்க தீரலன்னா மாவட்ட ஆணையத்துல ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு ஃபீஸ் இல்ல. 3 வாரம் ஆச்சுங்கற, 30 நாள் தாண்டறதுக்குள்ள எழுத்துல ஒரு மெசேஜாவது கடைக்கு அனுப்பி வை. கேஷ் குடுத்திருந்தா கஷ்டம்தான், பொய் சொல்ல விரும்பல.

கேள்வி: மழைக்காலம் முடிஞ்சு ஹெட்ஃபோன எடுத்தா குஷன்ல இருந்து கறுப்பு கறுப்பா உரிஞ்சு காதுல ஒட்டிக்குது. தூக்கிப் போட்டுரலாமா?

போடாதீங்க, பாம்பே ஈரத்துக்கு ரெக்ஸின் தோல் இப்படித்தான் உரியும். உள்ள இருக்கற ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நிறைய மாடல்ல குஷன கையாலயே இழுத்தா வந்திரும், மாடல் பேரு போட்டு ஆன்லைன்ல தேடினா ஜோடி சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. வியர்க்கற ஆளா இருந்தா துணி குஷன் வாங்குங்க, உரியாது, ஆனா வெளி சத்தம் கொஞ்சம் கூட உள்ள வரும். மாட்டினப்புறம் அந்த மிருதங்க டெஸ்ட்ட இன்னொரு தடவ போட்டுப் பாருங்க, தொம் குறைஞ்சிருந்தா குஷன் விளிம்பு சரியா உக்காரல, சுத்தி ஒரு தடவ விரலால அமுக்கி விடுங்க.